இரண்டாவது தாய்ப்பால்

எங்கள் தெருவில் சிவப்பு ஸ்டிக்கருக்கு மரியாதை கிடையாது. மதுரை மருத்துவ மையத்து ஆள் வந்து எங்கள் வாசல் கதவில் அதை ஒட்டிவிட்டு, 'யாரும் உள்ளே வரக் கூடாது' என்று மூன்று தரம் சொல்லிவிட்டுப் போனார். அவர் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் எதிர்வீட்டு மாமி படியேறிவிட்டார். "உக்காரல்லாம் மாட்டேன், நின்ன வாக்குல பாத்துட்டுப் போயிர்றேன்" என்றார். அவருக்குப் பின்னால் வந்தவர், "நான் என்ன வெளியாளா?" என்று கேட்டார். அப்பா சானிட்டைசர் பாட்டிலோடு ஹாலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் ஊற்றினார். கோயிலில் தீர்த்தம் வாங்குவதுபோல வாங்கிக்கொண்டார்கள். ஒரு அம்மாள் மிச்சத்தைத் தலையிலும் தடவிக்கொண்டார்.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. நோயாளி இருக்கும் வீட்டுக்குப் போகக் கூடாது என்றால் கோவில்பட்டிக்காரர்களுக்குப் புரியும். உள்ளே இருந்த என் அம்மா காளீஸ்வரிக்கு நோயே இல்லை. நோயில்லாதவளைப் பார்ப்பதில் என்ன வந்துவிடப் போகிறது?

வந்துவிடும் என்பதுதான் எங்கள் பயம்.

எனக்குக் குளிர் தேசம் ஒன்றில் நீரியல் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. முன்பெல்லாம் வெளிநாடு போகிற பிள்ளைகளுக்கு நாலைந்து ஊசி போட்டு, சொத்தைப் பல்லை அடைத்து, கண்ணாடி இரண்டாக வாங்கிக் கொடுத்து, ஒரு பை மாத்திரையோடு ஏற்றிவிடுவார்களாம். இரண்டு பெரிய காய்ச்சல்கள் உலகத்தையே கவிழ்த்துப் போட்ட பிறகு அதெல்லாம் போதவில்லை. வருகிற மாணவர்களுக்கு முதிர்ந்த எதிர்ப்புச் சக்தி இருந்தாக வேண்டும் என்று அந்த நாடுகள் கேட்க ஆரம்பித்தன. ஊசிகளைக் கொண்டே அதை வரவழைக்க இரண்டு மூன்று வருஷம் ஆகும். பல்கலைக்கழகம் அதுவரை காத்திருக்காது. இன்னொரு வழி ஒரே மத்தியானத்தில் முடிந்துவிடும்.

அந்த வழியை மையத்து டாக்டர் ஷெரின்தான் எங்களுக்கு விளக்கினார். சின்ன வயதுக்காரர். பொய் சொல்லத் தெரியாத முகம்.

"நம்ம உடம்பு தான் பார்த்த ஒவ்வொரு கிருமியையும் ஞாபகம் வச்சிருக்கும். அடுத்த தடவை வந்தா அடையாளம் கண்டு அடிக்கும். அந்த ஞாபகத்தைச் சுமக்குற செல்களை அப்பா அம்மா யார்கிட்டயாவது எடுத்து உங்களுக்குக் கொடுப்போம்."

"நகல் எடுப்பீங்களா டாக்டர்?" என்று கேட்டேன்.

"நகல் எடுக்க இன்னும் யாருக்கும் தெரியல. இடம் மாத்த மட்டும்தான் தெரியும்."

"அப்ப குடுத்தவங்களுக்கு?"

"பிறந்த குழந்தை மாதிரி ஆயிடுவாங்க. ஒரு வருஷம் தனி ரூம். குழந்தைக்குப் போடுற ஊசியெல்லாம் முதல்ல இருந்து போட்டுக்கிட்டு வருவோம். சில ஊசி உயிருள்ள கிருமியை வச்சு செய்றது. அதெல்லாம் உடம்பு தேறின பிறகு, கடைசியாத்தான் போட முடியும். அதுவரைக்கும் பத்திரமா இருக்கணும்."

அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அப்ப நான் குடுக்கேன்" என்றார்.

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்களா? ஒரு தும்மல் வந்தா உயில் எழுதணும்பீங்க. ஒரு வருஷம் ரூமுக்குள்ள கிடப்பீங்களாக்கும். கடைய யாரு பாக்க? நானே குடுக்கேன் மாமா."

அப்பா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். பெயர் தவசிலிங்கம். ஊரில் எந்தத் தோட்டத்து மோட்டார் எரிந்தாலும் அவரிடம்தான் வரும். அவர் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். வெளியே காத்திருந்த நாற்காலிகளில் வரிசையாக அம்மாக்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தியின் பக்கத்திலும் ஒரு பிள்ளை, தலையைக் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டு.

ஊரில் இதற்கு 'ரெண்டாவது தாய்ப்பால்' என்று பெயர். யாரோ ஏஜெண்ட் விளம்பரத்துக்காக வைத்தது, ஒட்டிக்கொண்டது. எனக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். குழந்தை பால் குடித்தால் தாய் எழுந்து வேலை பார்க்கிறாள். இதில் தாய் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அம்மா எனக்குக் கொடுத்துவிட்டு வீட்டு அறைக்குள் போய் மூன்று மாதம் எப்படியோ ஓடியது. சாப்பாட்டைக் கதவிலிருந்த சின்னத் திறப்பு வழியாகக் கொடுப்போம். அப்பா இரண்டு முறை கொதிக்க வைத்த தண்ணீரை, சந்தேகத்துக்கு மூன்றாவது முறையும் கொதிக்க வைத்துக் கொடுப்பார். அம்மா உள்ளிருந்து, "இன்னும் ஒரு தடவை கொதிக்க வச்சா தண்ணியே இருக்காது" என்பாள். நாங்கள் சிரிப்போம். ராத்திரியில் அவள் தனக்குத்தானே பேசிக்கொள்வது கேட்கும். அப்போது சிரிப்பு வராது.

விசா வந்ததும் தொல்லை பிடித்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளை வெளிநாடு போகிறது என்றால் சொந்தமும் தெருவும் வந்து பார்த்து, நெற்றியில் திருநீறு பூசி, கையில் ஏதாவது திணித்துவிட்டுத்தான் போக வேண்டும். வராவிட்டால் அது ஆயுசுக்கும் பேச்சு. வந்தவர்கள் என்னைப் பார்த்ததோடு விடவில்லை. "பெத்தவ மூஞ்சியைப் பாக்காம எப்பிடிப் போக?" என்று கதவைத் தட்டினார்கள். எதிர்வீட்டு மாமியின் பேரனுக்கு மூக்கில் சளி ஒழுகிக்கொண்டிருந்தது. அவன் திறப்பு வழியாகக் கையை உள்ளே விட்டு, "டாட்டா" என்றான். அன்று அப்பாவுக்கு ரத்த அழுத்தம் ஏறி, தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டார்.

யோசனை சொன்னது அம்மாதான்.

"வாசல்ல வேப்பிலையக் கட்டுங்க மாமா. காளிக்கு அம்மை வார்த்திருக்குன்னு சொல்லுங்க. ஒரு ஈ காக்கா உள்ள வராது."

"சாமி காரியத்துல பொய்யா? குத்தமாயிரும்டி."

"சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன். கட்டுங்க."

கட்டினோம். ஒரே நாளில் தெரு அடங்கியது. பால்காரர் கேட்டுக்கு வெளியிலேயே பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனார். விருந்தாளிகள் வாசலோடு நின்று, வேப்பிலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினார்கள். அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது என்பதால், கடுகு வாசனை தெருவுக்குப் போய்விடுமே என்று அப்பா தாளிப்பதையே நிறுத்திவிட்டார். சப்பென்ற சாம்பாரைச் சாப்பிட்டுக்கொண்டு, மருத்துவம் செய்யாததை மாரியாத்தா செய்துவிட்டாள் என்று எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம். நான் புறப்பட இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது.

அன்று அப்பா கடையில் இருந்தார். நான் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கீழே அம்மா யாரிடமோ பேசும் குரல் கேட்டது. போனில் என்றுதான் நினைத்தேன். அப்புறம் ஒரு குழந்தை சிணுங்கியது.

படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அம்மாவின் அறைக் கதவு விரியத் திறந்திருந்தது. கட்டிலில் பின்வீட்டு முனீஸ்வரி உட்கார்ந்திருந்தாள். எங்கள் பின்பக்கத்து வீட்டுக்குப் போன மாதம்தான் குடிவந்தவள். அவளுடைய இரண்டு வயதுக் குழந்தை என் அம்மாவின் மடியில் கிடந்தது. உடம்பெல்லாம் கொப்புளம். அம்மா வேப்பங்கொழுந்தை வைத்து அதன் முதுகை மெல்ல வருடிக்கொண்டிருந்தாள்.

"வெளிய போங்க!" என்று கத்தினேன்.

முனீஸ்வரி திகைத்து எழுந்தாள். "எதுக்குத் தங்கச்சி கத்துத? எங்க வீட்லயும் அவதான் வந்திருக்கா, இங்கயும் அவதான் இருக்கா. அம்மை கண்ட வீட்டுக்கு அம்மை கண்ட வீட்டு ஆளு போலாம்ல? யாரும் வாசல் மிதிக்க மாட்டேங்காக. புள்ள ரெண்டு நாளா தூங்கல. எனக்குக் கைகாலு ஓடல. அதான் யக்காகிட்ட வந்தேன்."

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஏற்கெனவே அம்மை வந்தவளுக்குப் புதிதாக என்ன ஒட்டிவிடும்? நாங்கள் கட்டிய வேப்பிலை நோயில்லாதவர்களை எல்லாம் வெளியே நிறுத்திவிட்டு, இந்த ஒருத்தியை மட்டும் பின்கதவு வழியாக உள்ளே கூப்பிட்டிருக்கிறது.

"கத்தாத சுடரு, புள்ள பயப்படும்" என்றாள் அம்மா.

முனீஸ்வரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகு நான் கதவோரத்தில் நின்று அழுதேன். "ஏம்மா கதவைத் திறந்த? ஏன் திறந்த?"

"புள்ளைய ஏந்திக்கிட்டு நிக்கா. போன்னு எப்பிடிச் சொல்ல? அம்மை இல்லைன்னு சொன்னா நாம சொன்ன பொய்யி வெளிய வந்துரும்." அம்மா தன் மடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒரு ஆளத் தொட்டு மூணு மாசமாச்சு சுடரு. மடியில வந்து விழவும் எனக்கு ஒண்ணும் தோணல."

மையத்து வண்டி வந்து அம்மாவை மதுரைக்கு ஏற்றிக்கொண்டு போனது. நானும் அப்பாவும் பின்னால் பஸ்ஸில் போனோம். அப்பா கையில் அந்த சானிட்டைசர் பாட்டில் மட்டும் இருந்தது. மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக வந்தார்.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா. இந்தப் பக்கம் நாங்களும் டாக்டர் ஷெரினும். பேசுவது இரண்டு பக்கமும் கேட்கும்படி சுவரில் ஸ்பீக்கர் இருந்தது.

"மருந்து இருக்குல்ல டாக்டர்? சின்னம்மைதான?" என்று அப்பா கேட்டார்.

"மருந்து இருக்கு. குடுக்க ஆரம்பிச்சுட்டோம். ஆனா மருந்து கூடமாட ஒத்தாசைதான் சார், சண்டை போடுறது உடம்புதான். இவங்க உடம்புல இப்ப சண்டை போட ஆளே இல்ல. கிருமி நுரையீரலுக்குப் போயிட்டா..." டாக்டர் நிறுத்திக்கொண்டார். "அதுக்கு முன்னாடி ஞாபக செல்களை உள்ள அனுப்பினா காப்பாத்திடலாம். நாலு நாளைக்குள்ள செய்யணும்."

"என்கிட்ட இருக்கிறதை எடுத்துக்கோங்க. அம்மாவோடதுதான? திருப்பிக் குடுத்துருங்க" என்றேன்.

"குடுக்கலாம். ஆனா அம்மை ஞாபகத்தை மட்டும் தனியாப் பிரிக்க முடியாது. முழுசா எடுக்கணும். நீங்க அந்த ரூமுக்குள்ள போயிடுவீங்க. விசா போயிடும். திரும்பவும் இவங்ககிட்ட எடுக்கவும் முடியாது."

"பரவால்ல. எடுங்க."

இதைச் சொல்லும்போதும் அந்த இடத்தை விட எனக்கு மனசில்லை. பெரிய தியாகி மாதிரி எழுதிக்கொள்ள ஆசைதான், ஆனால் உண்மை அது. நாலு வருஷம் படித்துப் படித்து வாங்கிய இடம். கூடவே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவள் இல்லாமல் போய்விட்டால் என்ற நினைப்பும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தன.

ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் வந்தது. "நான் வாங்கிக்கிட மாட்டேன்."

"அம்மா!"

"வாங்குறவுக சம்மதம் வேணும்ல டாக்டரம்மா?"

"வேணும்" என்றார் டாக்டர், வேண்டா வெறுப்பாக.

"அப்ப சம்மதம் இல்ல. குடுத்தது குடுத்ததுதான். அவ போவட்டும்."

நான் கத்தினேன், கெஞ்சினேன், இனிமேல் உன்னிடம் பேசவே மாட்டேன் என்று சின்னப் பிள்ளை மாதிரி மிரட்டினேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவள் அப்படித் திரும்பிவிட்டால் அப்புறம் யார் சொன்னாலும் நடக்காது என்று எனக்கும் அப்பாவுக்கும் தெரியும்.

டாக்டர் கடைசியாகக் கேட்டார். "அவங்களுக்கு ரத்த சொந்தம் வேற யாராவது இருக்காங்களா? கூடப் பிறந்தவங்க, பெத்தவங்க?"

"ஒத்தப் பிள்ளை. பெத்தவுக ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டாக" என்றார் அப்பா.

டாக்டர் கையிலிருந்த பேனாவை மேஜையில் வைத்தார். வைத்த பேனாவை அவர் திரும்ப எடுத்து எழுந்திருக்கப் போன சமயத்தில்தான் அப்பா தொண்டையைச் செருமினார்.

"டாக்டர், புருஷன் குடுத்தா சேராதோ?"

"சேராது சார். ரத்த சொந்தம் இருந்தாத்தான் பாதியாவது பொருந்தும். இல்லைன்னா வந்த செல்லே அவங்க உடம்பைத் தாக்க ஆரம்பிச்சுடும். அதனாலதான் நாங்க புருஷன்கிட்ட கேக்குறதே இல்ல."

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். இதை நான் கல்லூரியில் ஒருத்தரிடமும் சொன்னதில்லை என்பது அவருக்குத் தெரியும். இந்தக் காலத்தில் இப்படிக் கல்யாணம் செய்துகொண்டவர்களை ஒரு மாதிரித்தான் பார்க்கிறார்கள். அப்பாவே வெளியூர்க்காரர்களிடம் பேச்சை மாற்றிவிடுவார்.

"நான் அவளுக்குப் புருஷன் மட்டும் இல்ல டாக்டர். தாய்மாமன். என் கூடப் பிறந்த அக்கா மகளத்தான் கட்டியிருக்கேன்."

டாக்டர் பேனாவை நழுவவிட்டார். "இதை ஏன் சார் முதல்லயே சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

"உங்களுக்கு அம்மை வந்திருக்கா?"

அப்பா புருவத்தைத் தூக்கிக் காட்டினார். அதன் நடுவே ஒரு பழைய குழி. "பள்ளிக்கூடத்துல படிக்கையில. ஒரு மாசம் பள்ளிக்கூடம் போகல."

ஸ்பீக்கர் இரைந்தது. அம்மா கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். "டாக்டரம்மா, அவுககிட்ட எடுக்காதீங்க. அவுக பயந்த சுபாவம். ஒரு வருஷம் தனியாக் கிடந்தா அவுக தாங்க மாட்டாக."

அப்பா பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார்.

"பயமாத்தான் காளி இருக்கு. இல்லைன்னா சொன்னேன்? அன்னைக்கு நீ ஒரு வார்த்தை சொன்னதும் சரின்னு உக்காந்துட்டேன் பாரு, அதுவும் பயத்துலதான். இப்ப பயந்துக்கிட்டே குடுக்கேன்." டாக்டரைத் திரும்பிப் பார்த்தார். "பயந்துக்கிட்டு குடுக்கக் கூடாதுன்னு ஏதாவது சட்டம் இருக்கா டாக்டர்?"

"இல்ல சார்" என்றார் டாக்டர்.

"அப்ப சோதிச்சுப் பாருங்க. காளி, வேண்டாம்னு மட்டும் சொல்லிராத. நீ வேண்டாம்னா இந்தப் பிள்ளை தன்னோடத எடுக்கச் சொல்லி இங்கயே விழுந்து கிடக்கும். நீயும் போயி, அது படிப்பும் போயி, நான் ஒத்தையா இருந்து என்னத்த செய்ய?"

பாதிப் பொருத்தம் இருக்கிறதா என்று தெரிய மறுநாள் சாயங்காலம் வரை ஆனது. அப்படி ஒரு நாளை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. அம்மாவுக்கு லேசாகக் காய்ச்சல் வந்தது என்றார்கள், பிறகு இல்லை என்றார்கள். அப்பா தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் ஷெரின் வராந்தாவில் வேகமாக வந்தார். அவருக்குத்தான் பொய் சொல்லத் தெரியாதே. முகத்தைப் பார்த்ததுமே நான் அப்பாவின் தோளில் சாய்ந்துவிட்டேன்.

பொருந்தியது.

அம்மாவுக்குப் பத்துப் பதினைந்து கொப்புளத்தோடு போயிற்று. வீட்டில் அம்மா இருந்த அறைக்குள் அப்பா போனார். மையத்துக்காரர்கள் அதை மருந்தடித்துத் துடைத்துச் சுத்தம் செய்து கொடுத்தார்கள், அப்பா உள்ளே போய் இன்னொரு முறை துடைத்தார். அம்மா தெருவில் வீடு வீடாகப் போய், அம்மை வந்ததாகச் சொன்னது பொய், பிறகு வந்தது நிஜம், இப்போது உள்ளே இருப்பவர் அவர், எவராவது எட்டிப் பார்த்தால் காலை உடைப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். ஸ்டிக்கரைவிட அது நன்றாக வேலை செய்தது. மறுநாளே கடையையும் அவளே திறந்தாள். கடையை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு அன்றைக்கே இந்தப் பதில் இருந்திருக்கிறது.

நான் கிளம்பும்போது அப்பா கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "குளிர்ல தலைக்குத் தொப்பி போடணும், தெரிஞ்சதா?" என்றார். குரல் கம்மியிருந்தது. சளி பிடித்துவிட்டதோ என்று பதறிவிட்டேன். "அழுதேன்டி, அவ்வளவுதான்" என்றார்.

சென்னை விமான நிலையத்துக்கு அம்மா என்கூட வந்தாள். மாணவர்கள் புறப்படுகிற பருவம், எங்கே பார்த்தாலும் பெரிய பெட்டிகளும் புதுக் கோட்டுகளும். உள்ளே நுழைந்ததும் ஏதோ ஒன்று உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. அந்தக் கூடம் முழுக்க அப்பாக்கள். சித்தப்பாக்கள், அண்ணன்மார்கள். பெட்டியைத் தூக்கிப் பார்த்துக் கனத்தைச் சொல்கிறவர்கள், பாஸ்போர்ட்டைத் தடவித் தடவிப் பார்க்கிறவர்கள், எல்லோரும் ஆண்கள். அம்மாக்கள் பிள்ளைகளின் கையிலிருந்த போன் திரைகளுக்குள் இருந்தார்கள். ஒவ்வொருத்திக்குப் பின்னாலும் ஒரே மாதிரி வெறுஞ்சுவர்.

அத்தனை பேரும் என் அம்மாவைப் பார்த்தார்கள்.

கண்ணாடி போட்ட ஒரு பெண் தயங்கித் தயங்கி எங்களிடம் வந்தாள். "ஆன்ட்டி, நீங்க இவங்களுக்கு அம்மாவா?"

"ஆமாத்தா."

"நிஜ அம்மாவா? அப்புறம் எப்படி வெளிய..." கேட்க வந்ததை அவள் முடிக்கவில்லை. "நான் திருவாரூர் ஆன்ட்டி. எங்கம்மா ரூம்ல இருக்காங்க. கண்ணாடி வழியாத்தான் பாத்துட்டு வந்தேன். உங்களை ஒரு தடவை கட்டிப் பிடிச்சுக்கவா?"

எங்கள் வீட்டில் கட்டிப்பிடிக்கிற வழக்கமெல்லாம் கிடையாது. அம்மா குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். பிறகு கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் விரித்தாள். அந்தப் பெண் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். அம்மா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்து, "போயிட்டு வா, போயிட்டு வா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவள் விலகியபோது பின்னால் இன்னொருத்தி நின்றாள். அவளுக்குப் பின்னால் தாடி வைத்த ஒரு பையன், எங்கோ பார்ப்பது போல. அதற்குப் பின்னால் இன்னும் சிலர் வந்து சேர்ந்தார்கள். ரேஷன் கடையில்கூட எங்கள் ஊரில் இவ்வளவு ஒழுங்காக வரிசை நின்று நான் பார்த்ததில்லை.

எங்கள் விமானத்துக்கு உள்ளே வரச் சொல்லி அறிவிப்பு வந்தது. அம்மாவின் தோள் சேலை நனைந்திருந்தது. கடைசியில் நின்றவருக்குப் பின்னால் பெட்டியை இழுத்துக்கொண்டு போய் நானும் நின்றேன். எனக்கு முன்னால் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள்.